மேற்கோளும் பிரமாணமும்

ஒருவர் இன்னொருவரை மேற்கோள் காட்டும்போது என்ன செய்கிறார்? பட்ட கடனை ஒப்புக்கொள்கிறாரா, சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறாரா, அல்லது தான் தனியாள் அல்ல என்று காட்டப் பின்னால் நாலு ஆட்களை நிறுத்திக்கொள்கிறாரா? எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த மூன்றையும் செய்கிறோம். பல சமயம் ஒரே வாக்கியத்தில் செய்கிறோம். இலக்கிய விமர்சனத்தில் இதனால் பெரிய சேதம் எதுவும் நேர்ந்துவிடுவதில்லை. லூகாச்சையோ எலியட்டையோ பொருந்தாத இடத்தில் இழுத்துவந்தால் அடுத்த இதழில் எவராவது நாலு பக்கம் திட்டி எழுதுவார், அத்துடன் சரி. சட்டத்தில் விஷயம் வேறு. அங்கே ஒரு மேற்கோள் மனிதனைச் சிறையில் வைக்கும். வெளியே வந்த பிறகும் அவன் பெயரை ஒரு பட்டியலில் ஆயுளுக்கும் வைத்திருக்கும். சட்டம் தன் வேலியைத் தாண்டி உளவியலிடமும் பொருளாதாரத்திடமும் சமூகவியலிடமும் போய் ஆதாரம் வாங்கி வரும் பழக்கம் நூறு வருஷங்களுக்கு மேலாக வளர்ந்துவந்திருக்கிறது. அந்தப் போக்குவரத்துக்கு இன்று பாதை போட்டுக்கொடுப்பவை மேற்கோள் அட்டவணைகள். அதாவது, யார் யாரை மேற்கோள் காட்டினார் என்பதைக் கோடிக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் கணினிக் களஞ்சியங்கள். இந்த யந்திரத்தைப் பற்றி யோசிப்பது நூலகர்களின் வேலை என்று ஒதுங்கிவிட முடியாது. அதன் அடியில் கிடப்பது ஒரு தார்மீகப் பிரச்னை.

யந்திரம் பிறந்த இடமே சட்டம்தான். 1873இல் சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஒரு வியாபாரம் தொடங்கினார். இல்லினாய் மாநிலத் தீர்ப்புத் தொகுதிகளை வைத்திருந்த வக்கீல்களுக்குப் பசை தடவிய காகிதத் துண்டுகளை அச்சிட்டு விற்றார். இன்ன தொகுதியில் இன்ன பக்கத்திலுள்ள தீர்ப்பை அதற்குப் பிறகு வந்த இன்னின்ன தீர்ப்புகள் எடுத்துப் பேசியிருக்கின்றன என்ற விவரம் துண்டில் இருக்கும். நனைத்துப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். பார்வைக்கு இது குமாஸ்தா வேலை. ஆனால் இதற்குள் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. சாதாரண மேற்கோள் பின்னோக்கிப் பார்ப்பது. பிள்ளை தகப்பன் பெயரைச் சொல்வது போல. ஷெப்பர்டின் துண்டில் தகப்பன் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்கள் வந்து ஒட்டிக்கொண்டன. தீர்ப்பு எழுதிய நீதிபதி செத்துப்போயிருக்கலாம், அவர் எழுதியதன் கதி இன்னும் முடியவில்லை என்று அந்த ஓரம் சொல்லிக்கொண்டிருந்தது.

பிற்பாடு துண்டுகள் போய்க் கட்டடம் செய்த தொகுதிகள் வந்தன. அவற்றில் எண்கள் மட்டும் இல்லை. வேண்டிய இடங்களில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து நின்றது. 'எஃப்' என்றால் பின்பற்றப்பட்டது. 'டி' என்றால் இந்த வழக்குக்கு அது பொருந்தாது என்று வேறுபடுத்தப்பட்டது. 'சி' கண்டிக்கப்பட்டது, 'க்யூ' சந்தேகிக்கப்பட்டது, 'ஓ' இனிச் செல்லாது என்று தள்ளப்பட்டது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி எடுத்தாண்டிருந்தால் அதற்கென்று 'ஜே'. இந்த ஓர் எழுத்தைப் போட ஓர் ஆள் உட்கார்ந்து பிந்திய தீர்ப்பைப் படித்தாக வேண்டும். அமெரிக்க வக்கீல்கள் கையில் எடுத்த தீர்ப்பு உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்ப்பதை 'ஷெப்பர்டைஸ்' பண்ணுவது என்றே சொல்லிவந்தார்கள். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது என்று நான் எழுதியது அலங்காரத்துக்கு அல்ல. செத்த தீர்ப்பை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிற வக்கீலை நம்பி வந்த கட்சிக்காரன்தான் அதற்கு விலை கொடுக்கிறான்.

எண்பது வருஷங்கள் கழித்து, 1953இல், ஷெப்பர்ட் கம்பெனியின் துணைத்தலைவராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் அடேர் ஒரு கடிதம் எழுதினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கட்டுரைகளுக்கு அட்டவணை போடும் வழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சட்டத்தில் நாங்கள் செய்வதை விஞ்ஞானத்தில் நீங்கள் செய்தால் என்ன என்பது அதன் சாரம். அங்கே வேலை பார்த்துவந்த யூஜீன் கார்ஃபீல்ட் என்ற இளைஞரைக் கடிதம் பிடித்துக்கொண்டது. 1955 ஜூலையில் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைய களஞ்சியங்களுக்கெல்லாம் ஆதி. அதில் அவர் சொன்ன நோக்கம் கவனிக்கத் தகுந்தது. மோசடியான, அரைகுறையான, காலாவதியான தகவல்களை விமர்சனமின்றி மேற்கோள் காட்டுவதை ஒழிக்க வேண்டும். ஒரு பழைய கட்டுரையை எடுப்பவனுக்கு அதற்குப் பின்னால் எழுந்த கண்டனங்களும் தெரியவர வேண்டும். 1963இல் விஞ்ஞான அட்டவணையின் முதல் தொகுதிகள் வந்தன. 1973இல் சமூக விஞ்ஞானங்களுக்கு. 1978இல் கலைக்கும் இலக்கியம் போன்ற துறைகளுக்கும்.

வந்த வழியில் எழுத்துக்கள் தொலைந்துபோயின. பின்பற்றினாரா, கண்டித்தாரா, போகிற போக்கில் பெயர் சொன்னாரா என்ற பாகுபாடு கார்ஃபீல்டின் அட்டவணையில் இல்லை. அம்புக்குறி மட்டும் இருக்கிறது. காரணம் சூழ்ச்சி அல்ல, செலவு. ஒரு தேசத்து நீதிமன்றங்களின் தீர்ப்புகளை ஆள் வைத்துப் படிக்க முடிந்தது. உலகத்து விஞ்ஞானக் கட்டுரைகளை ஆள் வைத்துப் படித்துக் கட்டாது. அடிக்குறிப்புகளை மட்டும் யந்திரத்தில் ஏற்றினால் கட்டும். ஆக, படிப்பது என்ற செலவினம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கிய பிறகு மிஞ்சியது எண்ணிக்கை. ஒரு கட்டுரையை முந்நூறு பேர் எடுத்தாண்டார்கள் என்று தெரியும். முந்நூறு பேரும் காறித் துப்பினார்களா, கைகூப்பினார்களா என்று தெரியாது. விமர்சனமற்ற மேற்கோளை ஒழிக்கப் புறப்பட்ட கருவி விமர்சனத்தைப் பதிவுசெய்யும் உறுப்பை வெட்டிவிட்டுத்தான் ஊர் வந்து சேர்ந்தது. சமீப வருஷங்களில் இந்தக் குறையை உணர்ந்து, ஆதரிக்கிறதா மறுக்கிறதா என்று கணினியையே படித்துச் சொல்ல வைக்கும் சேவைகள் வந்திருக்கின்றன. படிப்பது என்பதை மறுபடியும் ஒரு செலவற்ற காரியமாக்கும் ஆசை இதிலும் இருக்கிறது.

களஞ்சியங்களைக் குறை சொல்லும்போது அவற்றின் அற்புதத்தையும் சொல்லிவிட வேண்டும். ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய சமூகச் செலவு பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் வந்தவற்றைத் தொடர்ந்து போனால், ஒரு பொருளாதாரவாதி அண்டைவீட்டுக்காரர்களின் தகராறுகளைப் பற்றி எழுதியது எப்படிச் சுற்றுச்சூழல் சட்டத்துக்குள் போனது, ஒப்பந்தச் சட்டத்துக்குள் போனது, யார் அதைத் திரித்தார்கள், யார் திரித்ததைத் திருத்தினார்கள் என்று ஒரு கருத்தின் பிரயாணத்தையே பார்க்கலாம். முன்பு ஒரு ஆயுள் பிடித்திருக்கும் வேலை. ஆனால் எந்தக் களஞ்சியத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பிரயாணமும் மாறும். கார்ஃபீல்டின் வழிவந்த களஞ்சியம் தான் தேர்ந்தெடுத்த இதழ்களை ஏற்கும். 2004இல் வந்த ஸ்கோபஸுக்கு அதன் சொந்தத் தேர்வு. அதே வருஷம் வந்த கூகுள் ஸ்காலர் கண்ணில் பட்டதையெல்லாம் வாரிப் போட்டுக்கொள்ளும். ஹெயின்ஆன்லைன் சட்ட இதழ்களுக்குள்ளேயே சுற்றும். ஒரே கட்டுரைக்கு நாலு இடத்தில் நாலு எண். புத்தகமாக எழுதுகிறவர்கள் பல இடங்களில் பாதிதான் தெரிவார்கள். ஆங்கிலத்தில் எழுதாதவர்கள் அதுவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஷெப்பர்டின் அட்டவணையும் ஸ்கோபஸும் இன்று ஒரே கம்பெனிக் குடும்பத்தின் சொத்து. எழுத்துக்கள் உள்ள அம்பும் எழுத்துக்கள் இல்லாத அம்பும் ஒரே கடையில் கிடைக்கின்றன.

எண்ணிக்கையின் குறைபாடு மேலோட்டமானது, சரிசெய்யக்கூடியது. என் கவலை வேறு. சட்டத்தில் மேற்கோளும் விஞ்ஞானத்தில் மேற்கோளும் ஒரே ஜாதி அல்ல. ஒரு நீதிமன்றம் மேல்நீதிமன்றத்தின் தீர்ப்பை எடுத்தாளும்போது அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்விக்கே இடமில்லை. அது சொன்னது என்பதாலேயே அது சட்டம். அங்கே மேற்கோள் ஆணையைச் சுட்டுகிறது. விஞ்ஞானக் கட்டுரையின் மேற்கோளோ, இன்ன இடத்தில் இன்னார் சோதித்துப் பார்த்திருக்கிறார், வேண்டுமானால் நீயும் போய்ப் பார் என்று கையைக் காட்டுகிறது. அது சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆணையைச் செய்ய முடியாது. துறைகளைக் கடந்த சட்ட ஆராய்ச்சி இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வாசற்படியில் நிற்கிறது. வாசற்படியைத் தாண்டும்போது சாட்சி ஆணையாக வேஷம் மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

2002 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெக்கூன் எதிர் லைல் என்ற வழக்கை முடித்தது. கான்ஸாஸ் சிறையில் பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துவந்த ஒருவர். சிறைக்குள் நடந்த சிகிச்சைத் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால், யாரும் குற்றம் சாட்டாத பழைய காரியங்களையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். மறுத்தால் சலுகைகள் போகும், கடுங்காவல் பகுதிக்கு மாற்றுவார்கள். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி ஒருவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்ட உரிமை இதில் மீறப்படுகிறதா என்பது கேள்வி. ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் கைதி தோற்றார். வென்ற தரப்பில் நால்வர் சார்பாக நீதிபதி ஆந்தனி கென்னடி எழுதினார். சிகிச்சை பெறாத குற்றவாளிகள் திரும்பவும் குற்றம் செய்யும் விகிதம் 80 சதவிகிதம் வரை இருப்பதாக மதிப்பிடப்படுகிறது என்று அதில் ஒரு வரி. சிகிச்சை முடித்தவர்களிடம் அது 15 சதவிகிதம்தானாம். இந்த அபாயம் அச்சமூட்டும் அளவு உயர்ந்தது என்றும் எழுதினார். ஆதாரமாகக் காட்டப்பட்டது அரசாங்கம் 1988இல் வெளியிட்ட ஒரு கையேடு. மறுவருஷம், 2003இல், ஸ்மித் எதிர் டோ. தண்டனை முடித்து வந்தவர்களின் பெயரையும் விலாசத்தையும் பொதுப் பட்டியலில் ஏற்றும் அலாஸ்கா மாநிலச் சட்டம், அது வருமுன்பே குற்றம் செய்தவர்களுக்கும் செல்லுமா என்ற வழக்கு. செல்லும் என்றது நீதிமன்றம். அபாயம் அச்சமூட்டும் அளவு உயர்ந்தது என்ற சொற்கள் மறுபடியும் வந்தன. இந்தத் தடவை அவற்றுக்கு ஆதாரம், முந்தைய வருஷத்து மெக்கூன் தீர்ப்பு.

அதற்குப் பிறகு கீழ்நீதிமன்றங்களில் அந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப ஒலித்தன. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்பவற்றைப் பற்றிய வழக்குகளிலெல்லாம் அவை வந்தன. 2015இல் ஐரா எல்மன் என்ற சட்டப் பேராசிரியரும் தாரா எல்மனும் அந்த 80 எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கி நடந்துபோனார்கள். தீர்ப்பிலிருந்து கையேட்டுக்கு, கையேட்டிலிருந்து அது காட்டிய மூலத்துக்கு. மூலம் 1986இல் 'சைக்காலஜி டுடே' என்ற ஜனரஞ்சக இதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் ஓரிகன் மாநிலத்தில் ஒரு சிகிச்சைத் திட்டம் நடத்தியவர்கள். கட்டுரை அந்தத் திட்டத்தைப் பற்றியது. அதில் ஒரே ஒரு வாக்கியத்தில் 80 சதவிகிதம் என்று வருகிறது. அதற்குக் கீழே ஆய்வு இல்லை, அட்டவணை இல்லை, மேற்கோளும் இல்லை. பாதை அங்கே முடிந்துபோகிறது. 2003இல் அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவே, 1994இல் 15 மாநிலங்களில் விடுதலையான 9,691 பேரைத் தொடர்ந்து பார்த்து, மூன்று வருஷங்களுக்குள் பாலியல் குற்றத்துக்காக மீண்டும் கைதானவர்கள் 5.3 சதவிகிதம் என்று அறிக்கை கொடுத்தது. கைதாவது வேறு, குற்றம் செய்வது வேறு. இவ்வகைக் குற்றங்கள் பல வெளியில் வருவதே இல்லை. மூன்று வருஷம் குறுகிய காலம். இவையெல்லாம் நியாயமான ஆட்சேபங்கள். ஆனால் ஆட்சேபிக்க அந்த அறிக்கையில் ஏதோ இருக்கிறது; யாரை எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று கேட்கலாம். 80இடம் கேட்க எதுவுமே இல்லை.

இதில் என்னைத் தொந்தரவு செய்வது பொய் அல்ல. எந்த இடத்திலும் எவரும் பொய் சொல்லவில்லை. தீர்ப்பு, கையேடு அப்படிச் சொல்கிறது என்றது; கையேடு அப்படித்தான் சொல்கிறது. கையேடு, இதழ் அப்படிச் சொல்கிறது என்றது. இதழும் அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்கச் சட்ட இதழ்களை மாணவர்களே நடத்துகிறார்கள் என்று கேலி செய்வது வழக்கம். அந்த மாணவர்கள் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள். நம் பத்திரிகைகளில் எவனும் செய்யாத காரியம். அவர்களிடம் கொடுத்திருந்தாலும் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தேறியிருக்கும். மூலம் இதைச் சொல்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. சொல்ல அதற்கு என்ன யோக்கியதை என்பது கேள்வி அல்ல. ஒவ்வொரு கண்ணியும் உண்மை, சங்கிலி முழுவதும் பொய். நேர்மையான பல மனிதர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்து ஒரு பொய்யைக் கட்டி எழுப்ப முடிகிறது.

நம் தர்க்க மரபில் காண்டல், கருதல், உரை என்று அளவைகளைச் சொல்வார்கள். உரை என்பது பிறர் வாக்கு. அதை அறிவின் வாயிலாக ஏற்பதா என்று பௌத்தர்களும் நையாயிகர்களும் நூற்றாண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். ஏற்றவர்களும் எவன் வாக்கையும் ஏற்கவில்லை. சொல்பவன் ஆப்தனாக இருக்க வேண்டும். விஷயத்தை அறிந்தவனாகவும், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புகிறவனாகவும் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையில் எனக்கு முக்கியமாகப் படுவது, உரை இறுதியில் ஒருவருடைய காண்டலில் போய் ஊன்ற வேண்டும் என்பது. நூறு பேர் சொன்னாலும் எவனோ ஒருவன் பார்த்திருக்க வேண்டும். மேற்கோள் களஞ்சியம் உரையின் வலையை அபாரமாக விரித்துக் காட்டுகிறது. வலையின் எந்த நுனி தரையைத் தொடுகிறது என்று காட்ட அதனிடம் வழி இல்லை. போதாக்குறைக்கு, தரையைத் தொடாத நுனிகள் பெரும்பாலும் அதன் பார்வைக்கு வெளியே, அரசாங்கக் கையேடுகளிலும் ஜனரஞ்சக இதழ்களிலும், கிடக்கின்றன.

எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் சரிபார்த்தால் ஆராய்ச்சி நடக்குமா என்று கேட்கலாம். நடக்காது. நாம் பூமி உருண்டை என்று நம்புவதும் பிறர் வாக்கில்தான். நம்பிக்கை இல்லாமல் அறிவு இல்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகும், எங்கே நம்பலாம் எங்கே போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. என் அபிப்பிராயத்தில் இதற்கு அளவுகோல் மூலத்தின் கௌரவம் அல்ல, மேற்கோளின் சுமை. இந்த அடிக்குறிப்பைப் பிடுங்கிவிட்டால் மேலே உள்ள வாதம் நிற்குமா? நிற்கும் என்றால் மேற்கோள் மரியாதைக்கு. யார் வாக்கில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். நிற்காது, அதோடு அந்த வாதத்தின் விளைவை அனுபவிக்கப்போகிறவன் இந்த அறையில் இல்லாத மூன்றாவது மனிதன் என்றால், கடைசி நுனி வரை நடந்து போயே தீர வேண்டும். களைப்பாக இருக்கிறது, நூலகம் மூடிவிட்டது, கூகுள் ஸ்காலர் இருநூறு பேர் சொல்கிறார்கள் என்கிறது — இவை சமாதானங்கள் ஆகா.

இந்த அளவுகோலை நமக்குப் பிடித்த வழக்கில் வைத்துப் பார்ப்பதுதான் யோக்கியம். 1954இல் பிரவுன் வழக்கில் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைப்பது அரசியல் சட்ட விரோதம் என்று அதே நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பு பிரசித்தம். ஒதுக்கிவைக்கப்பட்ட குழந்தையின் மனத்தில் தாழ்வுணர்ச்சி படிகிறது என்பதற்கு கென்னத் கிளார்க்கிலிருந்து குன்னர் மிர்தால் வரை சமூக விஞ்ஞானிகளின் எழுத்துக்கள் அதில் வரிசையாகக் காட்டப்பட்டன. மறுவருஷமே எட்மண்ட் கான் என்ற சட்டத் தத்துவவாதி ஆட்சேபித்தார். தீர்ப்பு அவருக்கு உவப்பானது. ஆனாலும் மனிதர்களின் உரிமைகளை இப்படிப்பட்ட மெலிந்த ஆய்வுகளின் மேல் நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. நாளைக்கு வேறொரு ஆய்வு வேறு மாதிரி சொன்னால் உரிமை போய்விடுமா? கான் கேட்டது சரியான கேள்வி. தீர்ப்பு நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக அதை மழுப்பக் கூடாது. பிரவுன் தீர்ப்பிலிருந்து அந்த அடிக்குறிப்பைப் பிடுங்கினாலும் தீர்ப்பு நிற்கும் என்று நினைக்கிறேன். அவமானத்தை அவமானம் என்று அறிய ஆய்வு தேவைப்படவில்லை. மெக்கூனில் கைதியின் உரிமைக்கு எதிராகத் தட்டில் வைக்கப்பட்டதே அந்த அபாயம்தான். 80ஐ எடுத்துவிட்டால் தட்டில் என்ன கனம் மிஞ்சும்?

இன்னும் பின்னால் போனால் 1908. பெண்களின் வேலை நேரத்தைப் பத்து மணிக்குள் நிறுத்தும் ஓரிகன் சட்டத்தைக் காக்க லூயி பிராண்டைஸ் நூறு பக்கத்துக்கு மேல் ஒரு வாதுரை கொடுத்தார். அதில் சட்டம் இரண்டொரு பக்கம்தான். மீதி முழுவதும் தொழிற்சாலை ஆய்வாளர்கள், மருத்துவர்களின் அறிக்கைகள். பொறுக்கிச் சேர்த்தவர் ஜோசஃபின் கோல்ட்மார்க். வழக்கு வென்றது. கூடவே, பெண் உடம்பு பலவீனமானது, தாய்மைக்காகக் காக்கப்பட வேண்டியது என்ற கருத்தும் வென்றது. அது வேறு வழக்குகளில் பெண்களுக்கு எதிராகவே வந்து நின்றது. சட்டம் பிற துறைகளிடம் கடன் வாங்கினால் வட்டியும் கட்டியாக வேண்டியிருக்கிறது.

சட்டத்திலிருந்து போன அட்டவணை இப்போது சட்டத்துக்கே எண்ணிக்கையாகத் திரும்பி வந்திருக்கிறது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட சட்டக் கட்டுரைகள் எவை என்று ஃபிரெட் ஷாபிரோ 1985இல் பட்டியல் போட்டார். 2012இல் போட்ட பட்டியலில் முதலிடம் நான் மேலே சொன்ன கோஸின் கட்டுரைக்கு. சட்டத்தின் தலைமைப் பீடத்தில் ஒரு பொருளாதாரவாதி. ஷாபிரோ ஒரு நூலகர். ரசனையோடும் ஜாக்கிரதையோடும் செய்த காரியம் அது. ஆனால் பட்டியல் என்றால் போட்டி வரும். 2019இல் 'யு.எஸ். நியூஸ்' பத்திரிகை ஹெயின்ஆன்லைன் எண்ணிக்கையைக் கொண்டு சட்டக் கல்லூரிகளை வரிசைப்படுத்தப்போவதாக அறிவித்தது. சரித்திரத்துக்கோ மானிடவியலுக்கோ எழுதும் சட்ட அறிஞர்களை அங்கேயுள்ளவர்கள் மேற்கோள் காட்டினால் அது கணக்கில் வராது என்ற எதிர்ப்பு எழுந்தது. 2021இல் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது நல்லது, அந்த ஆசை கைவிடப்பட்டதாகத் தெரியவில்லை. நம் சிறுவட்டத்தில் இதற்குக் களஞ்சியமே வேண்டியதில்லை. பத்துப் பேர் மாறி மாறி ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக்கொண்டு, சொல்லாமல் விட்டவனை இல்லாதவனாக்கும் கலை நமக்குக் கைவந்ததுதான்.

2023இல் நியூயார்க்கில் ஒரு விமானக் கம்பெனிக்கு எதிரான வழக்கில், கணினி உரையாடல் யந்திரம் கற்பித்துக் கொடுத்த, உலகத்தில் இல்லாத ஆறு தீர்ப்புகளை வக்கீல்கள் மேற்கோள் காட்டி, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். இல்லாத தீர்ப்பைக் கண்டுபிடிப்பது சுலபம், தேடினால் கிடைக்காது. தேடினால் கிடைக்கக்கூடிய, பக்கத்தோடும் வருஷத்தோடும் இருக்கிற, உள்ளே ஒன்றுமே இல்லாத மூலம் இதைவிட அபாயகரமானது. அதைக் காட்டியவர்களுக்கு அபராதமும் இல்லை.

நெருக்கடிநிலையின்போது, 1976 ஏப்ரலில், ஜபல்பூர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், காரணமில்லாமல் அடைக்கப்பட்டவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டவும் உரிமை இல்லை என்றது. நாலு பேர் ஒரு பக்கம், எச்.ஆர். கன்னா ஒருவர் மறுபக்கம். 1977இல் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார்; கன்னா ராஜினாமா செய்தார். 1978இன் 44ஆவது திருத்தம் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை நெருக்கடிநிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியபோதே அந்தத் தீர்ப்பின் மூச்சு நின்றுவிட்டது. ஆனால் செல்லாது என்று நீதிமன்றமே வாய்விட்டுச் சொன்னது 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில்தான். நடுவில் 41 வருஷங்கள் அதன் பக்கத்தில் 'ஓ' போட யாருக்கும் அதிகாரம் இல்லை. புட்டசாமி தீர்ப்பு 1890இல் வாரனும் பிராண்டைஸும் எழுதிய அந்தரங்க உரிமைக் கட்டுரைக்குத் திரும்பிப் போகிறது. கன்னாவின் மாறுபட்ட தீர்ப்புக்கும் போகிறது. ஒன்று ஷாபிரோவின் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருப்பது. மற்றதற்கு அப்படிப்பட்ட எண்ணிக்கை எதுவும் கிடையாது.

அந்த 'ஓ' தாமதமாகவாவது விழுந்தது. விழுவதற்கு ஓர் இடம் இருந்தது, சட்டம் பற்றிய கூற்று என்பதால். மெக்கூன் தீர்ப்பு ரத்தாகவில்லை. வெஸ்ட்லாவிலோ லெக்ஸிஸிலோ இன்று அதைத் திறக்கிற வக்கீல் அதன் பக்கத்தில் காணும் குறிகள் அது சொன்ன சட்டத்தின் கதியைக் குறிப்பவை. நடுவில் வரும் 80 சதவிகிதம் சட்டம் அல்ல என்பதால், அதற்கு எதிரே எதுவும் குறிக்கப்படுவதில்லை.